வீட்டுக் கூரைக்கு எந்த வடிவம்? அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண ஒரு வழிகாட்டி

நாங்க வீடு கட்டும்போது கூரை வடிவத்தை கடைசியா பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். சுவர் எழும்பட்டும், மேல என்ன வேணுமோ அப்புறம் போட்டுக்கலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் நம்பினோம். பார்த்த படத்துல அழகா இருந்துச்சுன்னு நிறைய மடிப்பு வெச்ச ஒரு வடிவத்தை எடுத்தோம். உயரம் அனுமதிச்ச அளவைத் தாண்டிடுச்சு, அதனால வரைபடத்தை மாத்தி திரும்ப கொடுக்க வேண்டி வந்துச்சு. அதுக்குள்ள மழை வந்து சுவரெல்லாம் நனைஞ்சுது. கூரைக்கு முதல்ல சொன்ன தொகை கடைசியில கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆச்சு. இவ்வளவுக்கும் அப்புறம் குடி வந்த முதல் மழையிலேயே ரெண்டு சரிவு சேர்ற இடத்துல ஒழுகுச்சு. இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் உட்கார்ந்து யோசிச்சு தவிர்த்திருக்கலாம். நீங்க அந்த ஒரு வாரத்தை இப்பவே செலவு பண்ணிடுங்க.

1. வடிவங்களோட பேரையும் அது எப்படி நிக்குதுன்னும் தெரிஞ்சுக்கோங்க

முதல்ல நாலு வார்த்தை. கூரையோட உச்சிக்கோடு முகடு. கீழ சுவரைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கற விளிம்பு இறவாணம். ரெண்டு சரிவு வெளிப்பக்கமா மடிஞ்சு மூலையில இறங்கற கோட்டை மூலை முகடுன்னு சொல்றேன், ரெண்டு சரிவு உள்பக்கமா மடிஞ்சு தண்ணி ஓடற பள்ளத்தை ஓடைன்னு சொல்றேன். இந்த ஓடைதான் பின்னாடி உங்களை தூங்க விடாது, அதனால இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தட்டைக் கூரை, அதாவது மொட்டை மாடி. பேருதான் தட்டை, உண்மையில முழுசா தட்டையா இருக்கவே கூடாது. கட்டி முடிச்ச அப்புறம் 80 பங்கு தூரத்துக்கு 1 பங்காவது இறக்கம் நிக்கணும், அதுக்காக வரையும்போதே 40க்கு 1னு வரைவாங்க, ஏன்னா கட்டும்போது கொஞ்சம் கூட குறைய ஆகும், பாரத்துல நடுவுல கொஞ்சம் தொய்யும். 8 மீட்டர் தூரத்துக்கு 40க்கு 1னா 20 சென்டிமீட்டர் இறக்கம். மேல இடம் கிடைக்கும், பின்னாடி இன்னொரு மாடி எழுப்பலாம், இதுதான் பெரிய லாபம். ஆனா கான்கிரீட் தளம் கனம், 10 சென்டிமீட்டர் தடிமனுக்கே ஒரு சதுர மீட்டர் சுமார் 250 கிலோ வரும், அதை சுவரும் தூணும் அஸ்திவாரமும் சுமக்கணும்.

ஒத்தைச் சரிவு. ஒரு பக்கம் சுவர் உயரம், எதிர்ப்பக்கம் தாழ்வு, நடுவுல ஒரே பலகை மாதிரி கூரை. முகடும் இல்ல ஓடையும் இல்ல, தண்ணி ஒரே பக்கம் இறங்கும். கட்டறதுக்கு இதை விட சுலபம் கிடையாது. ஆனா வீடு அகலமா இருந்தா உயரம் எகிறிடும், 8 மீட்டர் அகலத்துக்கு 30 டிகிரி வெச்சா ஒரு பக்கம் 4.6 மீட்டர் கூடுதலா ஏறும், அதனால இதுக்கு 5, 10 டிகிரி மாதிரி கம்மியான சரிவுதான் வைப்பாங்க, சரிவு கம்மின்னா ஓடு போட முடியாது, ஷீட்டுக்குதான் போகணும்.

இரட்டைச் சரிவு. குழந்தைங்க வீடு வரையும்போது போடுற முக்கோணம் இதுதான். நடுவுல முகடு, ரெண்டு பக்கம் சரிவு, மீதி ரெண்டு பக்கம் முக்கோணச் சுவர். நீளச் சதுர வீட்டுக்கு இதை மிஞ்ச ஆளில்லன்னுதான் நான் இப்ப நினைக்கிறேன். வெட்டு வேலை கம்மி, மேல பரணுக்கு இடம், முக்கோணச் சுவர்ல ஜன்னல் வெச்சு சூட்டை வெளியேத்தலாம், சோலார் பேனலுக்கு பெரிய செவ்வகமான இடம் கிடைக்கும். பலவீனம் அந்த முக்கோணச் சுவர்தான், பலமான காத்து நேரா அதுல மோதும், உள்ள குறுக்குத் தாங்கு வெச்சு கூரையோட கட்டலைன்னா அங்கதான் முதல்ல போகும்.

நாலு பக்கச் சரிவு. எல்லாப் பக்கமும் சரிஞ்சு இறங்கும், முக்கோணச் சுவரே கிடையாது, நாலு மூலையிலயும் மூலை முகடு ஓடும். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் சரிவுல ஏறி வழுக்கிட்டு போயிடும், நாலு சரிவும் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும், அதனால புயல் அடிக்கற இடத்துக்கு இது இரட்டைச் சரிவை விட நல்லது. நாலு பக்கமும் இறவாணம் நீட்டினா எல்லாச் சுவருக்கும் நிழலும் மழைக்காப்பும் கிடைக்கும். வீடு சரியான சதுரமா இருந்தா முகடே இல்லாம நாலு சரிவும் ஒரே புள்ளியில கூடும், அது பிரமிட் கூரை.

உடைச்ச சரிவு. ஒரே பக்கத்துல ரெண்டு சரிவு, மேல மெதுவா கீழ செங்குத்தா. ரெண்டு பக்கம் மட்டும் இப்படி இருந்தா கேம்பிரல், நாலு பக்கமும் இருந்தா மான்சார்ட். கூரைக்குள்ளயே நின்னு நடக்கற மாதிரி ஒரு முழு அறை கிடைக்கும், அதுக்காகத்தான் இதை எடுப்பாங்க. அந்த அறை தேவையில்லன்னா இதைத் தொடவே வேண்டாம், சரிவு உடையற கோடு முழுக்க ஒரு கூடுதல் இணைப்பு, அவ்வளவு நீளத்துக்கும் தண்ணி புகாம அடைக்கணும்.

பட்டாம்பூச்சிக் கூரை. ரெண்டு சரிவும் வெளிய இறங்காம நடுவை நோக்கி இறங்கும். மழைத்தண்ணி சேகரிக்க வசதிதான், ஆனா மொத்தக் கூரைத் தண்ணியும் வீட்டு நடுவுல ஒரே ஓடைக்கு வரும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர், அப்ப 100 சதுர மீட்டர் கூரையில ஒரு மணி நேரத்துல 60 மில்லிமீட்டர் கொட்டினா 6000 லிட்டர் அந்த ஒத்தை ஓடை வழியா போகணும். இலை அடைச்சுக்கிட்டா அது எங்க போகும்னு நினைச்சுப் பாருங்க. ஏறி சுத்தம் பண்ண முடியாதவங்க இதை எடுக்காதீங்க.

இது போக வளைவுக் கூரை, ஒரு பக்கம் நீளம் ஒரு பக்கம் குட்டையான இரட்டைச் சரிவு, சரிவுக்கு நடுவுல தலை நீட்டற ஜன்னல் கூரைன்னு இன்னும் இருக்கு. பெரும்பாலும் எல்லாமே மேல சொன்னதோட கலவைதான்.

2. மழை, காத்து, வெயில், பனி: உங்க இடத்துல எது அதிகம்னு எழுதிக்கோங்க

ஒரு பேப்பர்ல எழுதுங்க, மனசுலயே வெச்சுக்காதீங்க. பலத்த மழைன்னா சரிவு கூட, ஓடை கம்மி, இறவாணம் நீளம். புயல்காத்துன்னா நாலு பக்கச் சரிவு, இறவாணம் அளவா. இங்க ஒரு முரண்பாடு இருக்கு, மழைக்கு நல்லதுன்னு இறவாணத்தை ரொம்ப நீட்டினா காத்து அடியில புகுந்து தூக்கும், ரெண்டும் இருக்கற இடத்துல 60 சென்டிமீட்டருக்கு மேல நீட்டணும்னா இன்ஜினியர்கிட்ட கேட்காம நீட்டாதீங்க. பனி கொட்டற இடத்துல செங்குத்தான சரிவு, தட்டையும் பட்டாம்பூச்சியும் வேண்டவே வேண்டாம், பனி தங்கி பாரம் ஏறும். வெயில் மட்டும்தான் பிரச்சனைன்னா வடிவத்தை விட கூரைக்கு அடியில இருக்கற காத்து இடைவெளிதான் முக்கியம், இறவாணத்துல காத்து உள்ள வந்து முகட்டுல வெளிய போற மாதிரி வழி விடுங்க.

3. மேல என்ன போடப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு சரிவை வைங்க

நாங்க இங்கதான் மாட்டினோம். பிளான்ல சரிவு ஒண்ணு, வாங்க ஆசைப்பட்டது வேற பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் இதுக்குக் கீழ சரிவு போகக்கூடாதுன்னு ஒரு எல்லை உண்டு, ஏன்னா சரிவு கம்மியானா காத்து மழைத்தண்ணியை ஓட்டு இடுக்குல மேல்நோக்கித் தள்ளும்.

ஓலை, வைக்கோல் கூரைன்னா 45 டிகிரிக்கு குறையாம வேணும். ஓட்டுக்கு 25லிருந்து 30 டிகிரி பயமில்லாத அளவு, அதுக்கும் கீழ போகணும்னா அடியில நீர்த்தடுப்பு விரிப்பு போட்டு, அந்த ஓட்டுக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கற குறைந்தபட்சத்தைப் பார்த்துதான் போகணும். தார் ஷிங்கிள்ஸ்னா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஆணி அடிக்கற தார் பூசின மெல்லிய துண்டுகள்னா, 10 டிகிரிக்கு கீழ வேண்டாம், 18 டிகிரி வரைக்கும் விரிப்பை ரெட்டையா போடணும். உலோக ஷீட் 5, 10 டிகிரியிலயும் நிக்கும், ஆனா அதுவும் இணைப்பு எந்த வகைங்கறதைப் பொறுத்தது.

இன்னொரு பொறி, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஒருத்தர் 30 டிகிரின்னு சொல்வார், இன்னொருத்தர் 30 சதவீதம்னு சொல்வார், ரெண்டும் ஒண்ணு இல்ல. 30 சதவீதச் சரிவுன்னா 100 பங்கு தூரத்துக்கு 30 பங்கு ஏற்றம், அது வெறும் 16.7 டிகிரிதான், 45 டிகிரிதான் 100 சதவீதம். வரைபடத்துல எந்த அலகுன்னு எழுதச் சொல்லுங்க, கூடவே முகடு சுவர் மட்டத்துலருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம்னும் போடச் சொல்லுங்க, அப்ப யாரும் குழப்ப முடியாது.

4. மேலிருந்து பார்க்கற படத்தை வரைஞ்சு கோடுகளை எண்ணுங்க

முன்னாடி நின்னு பார்க்கற எலிவேஷன் படத்தைக் காட்டித்தான் எல்லாரும் கேட்பாங்க, நல்லா இருக்கான்னு. நீங்க கேட்க வேண்டியது பறவை மேலிருந்து பார்க்கற மாதிரியான கூரை பிளான். அதுல முகடு, மூலை முகடு, ஓடை எல்லாத்தையும் கோடாப் போட்டு, தண்ணி எந்தப் பக்கம் போகும்னு ஒவ்வொரு சரிவுலயும் அம்புக்குறி போடுங்க. அப்புறம் விரலை வெச்சு ஒரு மழைத்துளி முகட்டுலருந்து தரை வரைக்கும் எப்படிப் போகும்னு ஓட்டிப் பாருங்க. வழியில சுவர்ல போய் முட்டுதா, புகைபோக்கிக்குப் பின்னாடி தேங்குதா, ஒரு ஓடை இன்னொரு கூரை மேல கொட்டுதா? அப்படி இருந்தா அந்த இடம் ஒழுகும்னு வெச்சுக்கிட்டு பிளானை மாத்துங்க.

வீடு எல் வடிவம்னா ஒரு ஓடையாவது வரும், தப்பிக்க முடியாது. ஆனா வாசலுக்கு மேல அழகுக்குன்னு ஒரு குட்டி முக்கோணம் வெச்சா அது பெரிய கூரையோட சேர்ற இடத்துல ரெண்டு ஓடை புதுசா வருது. எங்களுக்கு ஒழுகினது சரியா அந்த இடத்துலதான், வாசல் முக்கோணம் பெரிய சரிவுல போய் சேர்ற மூலை. அந்த முக்கோணத்தால வீட்டுக்குள்ள ஒரு அடி இடம் கூட கூடல.

5. தரை அளவை வெச்சு விலை பேசாதீங்க, கூரையோட உண்மையான பரப்பைக் கணக்குப் போடுங்க

ஒன்றரை மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டப்பதான் புரிஞ்சுது. நீங்களும் இந்த மாதிரி போடுங்க. வீடு 10 மீட்டருக்கு 8 மீட்டர், அப்ப 80 சதுர மீட்டர். நாலு பக்கமும் 60 சென்டிமீட்டர் இறவாணம் சேர்த்தா 11.2க்கு 9.2, அது 103 சதுர மீட்டர். அதுக்கு மேல சரிவு, 30 டிகிரின்னா 1.155 ஆல பெருக்கணும், 119 வருது. 80க்கு விலை பேசிட்டு 119க்கு பில் வந்தா யாரும் ஏமாத்தல, நாமதான் எதுக்கு விலைன்னு கேட்கல. 45 டிகிரின்னா பெருக்கறது 1.414, 20 டிகிரின்னா 1.064தான்.

அடுத்து நிறைய பேர் நம்பாத விஷயம்: ஒரே சரிவு, ஒரே இறவாணம்னா இரட்டைச் சரிவுக்கும் நாலு பக்கச் சரிவுக்கும் பரப்பு ஒண்ணேதான், ரெண்டும் 119தான். செலவு மாறறது வேற இடத்துல. இதே வீட்டுக்கு இரட்டைச் சரிவுல முகடு 11.2 மீட்டர், நாலு பக்கச் சரிவுல முகடும் மூலை முகடும் சேர்த்து சுமார் 30 மீட்டர், அவ்வளவுக்கும் முகட்டு ஓடு வாங்கணும். இறவாண விளிம்புல மழைத்தண்ணியைப் பிடிக்கற வடிகால் தொட்டி இரட்டைச் சரிவுக்கு 22 மீட்டர், நாலு பக்கச் சரிவுக்கு 41 மீட்டர். வெட்டி வீணாகறது இரட்டைச் சரிவுக்கு 10 சதவீதம்னு வெச்சா நாலு பக்கச் சரிவுக்கு 15 வைங்க, ஓடை இருந்தா இன்னும் கூட. மறுபக்கம் இரட்டைச் சரிவுல ரெண்டு முக்கோணச் சுவர் சேர்த்து 18 சதுர மீட்டர் கூடுதலா எழுப்பிப் பூசணும். இதையெல்லாம் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதினாதான் எது மலிவுன்னு தெரியும், வாயால சொல்ற விலையை வெச்சுத் தெரியாது.

6. அனுமதிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தத் தாள்கள் கையில இருக்கட்டும்

கூரை பிளான், நாலு பக்க எலிவேஷன், முகடு வழியா வெட்டின செக்‌ஷன் படம், இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கூரைச் சட்டம் அல்லது ட்ரஸ் (முக்கோணமா இணைச்சு செஞ்ச தாங்குசட்டம்) கணக்கு, மழைத்தண்ணி எங்க போய் விழுதுங்கற வடிகால் படம். உள்ளூர் அலுவலகத்துல மூணு கேள்வியை நேர்லயே கேட்டு பதிலை எழுதி வாங்குங்க: உயரத்தை தரையிலருந்து முகடு வரைக்கும் அளக்கறாங்களா இல்ல சரிவோட பாதி வரைக்குமா, எல்லையிலருந்து விட வேண்டிய இடத்தை சுவர்லருந்து அளக்கறாங்களா இல்ல இறவாண விளிம்புலருந்தா, கூரைக்குள்ள அறை வெச்சா அதைத் தனி மாடின்னு எண்ணுவாங்களா. முதல் கேள்வியை நாங்க கேட்காததாலதான் திரும்ப வரைய வேண்டி வந்துச்சு. நம்ம கூரைத் தண்ணி அடுத்தவங்க இடத்துல விழாம இருக்கணும்ங்கறதையும் படத்துலயே காட்டிடுங்க.

அனுமதி வாங்கின அப்புறம் கூரைக்கு அடியில ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கம் போற குறுக்குச் சட்டத்தை மட்டும் எடுத்துடலாமே, மேல திறந்தவெளியா உசரமா அழகா இருக்கும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. சரிவுல இருக்கற கைமரம் ரெண்டும் சுவரை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அந்தக் குறுக்குச் சட்டம்தான் ரெண்டையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. அது வேண்டாம்னா முகட்டுல பாரம் தாங்கற உத்தரமும் அதைத் தாங்கத் தூணும் வேணும், அதை அஸ்திவாரத்துலயே யோசிச்சிருக்கணும்.

7. கொட்டேஷன்ல எழுத்துல இருக்க வேண்டியது

மூணு பேர்கிட்டயாவது ஒரே வரைபடத்தைக் கொடுத்து வாங்குங்க. விலை தரைப் பரப்புக்கா சரிவுப் பரப்புக்கான்னு முதல் வரியிலயே இருக்கணும். முகட்டு ஓடு, ஓடைத் தகடு, சுவரும் கூரையும் சேர்ற இடத்துல போடற தகடு, நீர்த்தடுப்பு விரிப்பு, குழாய், சாரம் கட்டற கூலி இதெல்லாம் உள்ள அடக்கமா தனியான்னு ஒவ்வொண்ணா எழுதச் சொல்லுங்க, கடைசியில கூடுதல்னு வர்றது எப்பவும் இந்த வரிசையிலருந்துதான். ஒழுகினா யார் எத்தனை வருஷம் பொறுப்புன்னு பொருளுக்குத் தனியா வேலைக்குத் தனியா வாங்குங்க, பொருள் கம்பெனி வேலை சரியில்லன்னு சொல்லும், வேலைக்காரர் பொருள் சரியில்லன்னு சொல்வார், நடுவுல நாம நிப்போம். கடைசித் தவணையை ஒரு நல்ல மழை பார்த்த அப்புறம் தர்றதா முதல்லயே ஒத்துக்க வெச்சுடுங்க.

8. நாள் கணக்கு

மழைக்காலம் எப்ப ஆரம்பிக்கும்னு பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்க. கான்கிரீட் தளம்னா ஊத்தின அப்புறம் குறைஞ்சது 7 நாள் ஈரம் காயாம வெச்சிருக்கணும், முழு பலத்தை 28 நாள்லதான் கணக்குல எடுப்பாங்க, முட்டுக் கம்பு எப்ப எடுக்கறதுன்னு இன்ஜினியர்தான் சொல்லணும், அவசரப்படுத்தாதீங்க. ட்ரஸ்னா சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே ஆர்டர் கொடுத்துடணும், ஆனா இறுதி அளவை சுவர் மட்டம் வந்ததும் நேர்ல அளந்து சரிபார்த்த அப்புறம்தான் வெட்டச் சொல்லணும். ஓடை அதிகமா இருக்கற வடிவத்துக்கு வேலை நாளும் கூடும், சரிவெல்லாம் சீக்கிரம் மூடிடுவாங்க, மூலையில உட்கார்ந்து வெட்டறதுக்குத்தான் நாள் போகும்.

9. மூடறதுக்கு முன்னாடி நேர்ல நின்னு பாருங்க

ஓடு போடறதுக்கு முன்னாடி ஓடைத் தகடும் விரிப்பும் எல்லா மூலையிலயும் போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி ஒழுகினா எங்க திறக்கணும்னு அதுதான் சொல்லும். விரிப்பு கீழ இருந்து மேல போட்டிருக்கணும், மேல இருக்கறது கீழ இருக்கறதை மூடற மாதிரி. ஷீட்டுன்னா விளிம்புலயும் மூலையிலயும் ஸ்க்ரூ நெருக்கமா இருக்கணும், காத்து உறிஞ்சறது அங்கதான் அதிகம். தட்டைக் கூரைன்னா வடிகாலை அடைச்சு சில சென்டிமீட்டர் தண்ணி நிறுத்தி 24லிருந்து 48 மணி நேரம் அடியில ஈரம் வருதான்னு பாருங்க, எவ்வளவு தண்ணி நிறுத்தலாம்னு இன்ஜினியர்கிட்ட கேட்டுக்கோங்க. முக்கிய வடிகால் அடைச்சா தண்ணி வெளிய போக கைப்பிடிச் சுவர்ல இன்னொரு வழி இருக்கணும்.

சரிவுக் கூரைன்னா ஹோஸ் பைப்பை எடுத்து முதல்ல ஓடையோட கீழ்முனையில தண்ணி விடுங்க, ஒரு பத்து நிமிஷம். உள்ள ஒருத்தர் டார்ச்சோட நிக்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுங்க. மேலருந்து ஆரம்பிச்சா எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது, கீழருந்து ஆரம்பிச்சா ஒழுகற இடத்துலயே நின்னுடலாம். எங்க வாசல் மூலையை கடைசியில இப்படித்தான் கண்டுபிடிச்சோம், ஒரு விரல் அகலத்துக்கு தகடு குட்டையா வெட்டியிருந்துச்சு.